கத்தியோட நிக்கிறவன்தான் கொலைகாரனா?

மக்களே, முதல்ல ஒரு பழைய தமிழ் சினிமா சீன். வீட்டுக்குள்ள ஒரு பிணம். அப்பாவி ஹீரோ உள்ளே வர்றார். நெஞ்சுல குத்தியிருக்கிற கத்தியைப் பார்த்துப் பதறிப்போய், அதை உருவிக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறார். கரெக்டா அந்த செகண்ட்ல போலீஸ் என்ட்ரி! அப்புறம் இடைவேளை வரைக்கும் ஹீரோ ஜெயில்ல.

தியேட்டர்ல உட்கார்ந்திருக்கிற நமக்கு, 'யோவ் இன்ஸ்பெக்டர், அவன் இல்லய்யா!'ன்னு கத்தணும்போல இருக்கும். ஆனா, நம்ம கம்ப்யூட்டர் க்ராஷ் ஆகுதுன்னு வைங்க, நாம எல்லாருமே அந்த இன்ஸ்பெக்டர்தான். கத்தியோட நிக்கிறவனைப் பிடிச்சு உள்ளே போட்டுட்டு, கேஸை மூடிடுவோம்.

நானும் மூடினேன். உள்ளே போட்டது யாரைத் தெரியுமா? என் ரூம்மேட்டை. ஒரே தட்டுல பரோட்டா பிச்சுத் தின்ன நண்பனை!

ராஜகீழ்ப்பாக்கம் மர்டர் கேஸ்

தாம்பரம் - வேளச்சேரி மெயின் ரோட்டுல இருந்து உள்ளே திரும்பினா எங்க தெரு. மாடி ரூம். தலைக்கு மேல தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ட்ரெயினிங் விமானம் போனா ஜன்னல் கண்ணாடி லேசா அதிரும். அந்த ரூம்லதான் எங்க ஆபரேட்டிங் சிஸ்டம் மினி புராஜெக்ட் ஓடிட்டிருந்தது. மொட்டை மாடி டேங்க்ல தண்ணி எவ்ளோ இருக்குன்னு சொல்ற சென்சாருக்கு, லினக்ஸ்ல ஒரு குட்டி டிரைவர் எழுதணும். லாரி தண்ணியை நம்பி வாழற ஏரியாக்காரங்களுக்கு இதைவிட உருப்படியான புராஜெக்ட் கிடையாது, பாஸ்.

வேலையைப் பிரிச்சுக்கிட்டோம். சென்சார் ரீடிங்கை வைக்க மெமரி வாங்குறது, வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுக்கிறது, இது என் டிபார்ட்மென்ட். அந்த ரீடிங்கை எடுத்துக் கேட்கிற புராகிராமுக்குக் கொடுக்கிற ஃபங்ஷன் அவனோடது. லேப்டாப்பும் அவனோடது.

டிரைவர் ஜோரா ஓடும். பத்து நிமிஷம், இருபது நிமிஷம்... திடீர்னு ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு போகும். கேப்ஸ் லாக் லைட் மட்டும் மினுக் மினுக்னு கண்ணடிக்கும். லினக்ஸ் பாஷையில இதுக்குப் பேர் கெர்னல் பேனிக். உடனே நாங்க என்ன பண்ணுவோம்? நீங்க பண்றதைத்தான். பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ரீஸ்டார்ட்!

ஒருநாள் மட்டும் புத்திசாலித்தனமா, ஸ்க்ரீனை செல்போன்ல போட்டோ எடுத்தேன். கடைசி நேரத்துல எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டதுன்னு அதுல ஒரு லிஸ்ட் இருக்கும். டாப்புல இருந்தது என் நண்பனோட ஃபங்ஷன். மறுபடி க்ராஷ், மறுபடி போட்டோ, மறுபடி அதே பேர். தீர்ப்பு எழுதிட்டேன். "மச்சான், உன் கோடுதான்டா மொக்கை."

அவன் அந்த ஃபங்ஷனை நாலு தடவை மாத்தி மாத்தி எழுதினான். க்ராஷ் நிக்கலை. அடுத்து, சர்வீஸ் பண்ற ஒருத்தர்கிட்ட காட்டினோம். திறந்துகூடப் பார்க்காம 'ரேம் போயிருக்கும் தம்பி'ன்னார். கல்யாண மண்டபத்துல வார இறுதியில பந்தி பரிமாறிச் சேர்த்த காசுல, 1,400 ரூபாய் கொடுத்து செகண்ட்ஹேண்ட் ரேம் வாங்கிப் போட்டான். பதினெட்டாவது நிமிஷம் கேப்ஸ் லாக் மறுபடி கண்ணடிச்சுது.

லேப்ல ஒரு சீனியர் அந்த போட்டோக்களைப் பார்த்துட்டுச் சிரிச்சார். "இது பிணம் விழுந்த இடம்டா. கொலை நடந்த இடம் எங்கே? டீபக் கெர்னல்ல ஓட்டிப் பார்த்தீங்களா?"

டீபக்னதும் பக்கத்து க்ளாஸ் தீபக்தான் ஞாபகம் வந்தான். அவ்ளோதான் நம்ம நாலெட்ஜ்!

டிக்கெட் செக்கிங் பண்ற கெர்னல்

சரி, மேட்டருக்கு வருவோம். கெர்னல்ங்கிறது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட இதயம். மெமரி யாருக்கு, சிபியு யாருக்கு, டிஸ்க் யாருக்குன்னு பங்கு போடுற பஞ்சாயத்துத் தலைவர். சாதாரண புராகிராம் தப்பு பண்ணினா கெர்னல் அதை வெளியே தூக்கிப் போட்டுடும், மத்தவங்க பிழைச்சுப்பாங்க. ஆனா கெர்னலுக்குள்ளேயே தப்பு நடந்தா? தட்டிக் கேட்க மேல ஆள் இல்லை. மொத்த ஊரும் காலி. டிரைவர் ஓடுறதும் கெர்னலுக்குள்ளேதான்.

நாம தினமும் யூஸ் பண்ற கெர்னல் ஒரு எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி. நடுவுல எங்கேயும் நிக்காது, யார்கிட்டயும் டிக்கெட் கேட்காது. வேகம்தான் முக்கியம். டீபக் கெர்னல்ங்கிறதும் அதே பஸ், அதே ரூட். ஆனா ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுவார். 'இந்த மெமரி உன்னோடதா? டிக்கெட் காட்டு. இந்தப் பூட்டை எந்த வரிசையில பூட்டினே? சொல்லு'ன்னு ஒவ்வொண்ணுக்கும் கேள்வி. அதனால ஆமை வேகத்துல போகும். ஆனா வித்தவுட் டிக்கெட் பார்ட்டி ஏறின ஸ்டேஜ்லேயே மாட்டுவான். பஸ் டெர்மினஸுக்குப் போய்க் கவிழற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

கெர்னல்ல அடிக்கடி நடக்கிற ஒரு க்ரைம் என்னன்னு பார்ப்போம். அதுக்குப் பேர் 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ'. வாடகை வீடு தேடி அலைஞ்சவங்களுக்கு ஈஸியா புரியும். ஒருத்தர் வீட்டைக் காலி பண்ணிட்டார். ஆனா டூப்ளிகேட் சாவி அவர் பாக்கெட்ல இருக்கு. ஹவுஸ் ஓனர் வேற ஃபேமிலியைக் குடி வச்சுட்டார். பழைய ஆள் ராத்திரி ஞாபக மறதியில வந்து, கதவைத் திறந்து, ஃபேனைக் கழட்டிட்டுப் போயிடறார். காலையில சத்தம் போடுறது யாரு? புதுசா குடிவந்த அப்பாவி. அவர் வீட்டுலதானே பிரச்னை? அதனால போலீஸ் அவரைத்தான் விசாரிக்கும். மெமரியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதோட அட்ரஸை வச்சுக்கிட்டு உள்ளே போறதுதான் இந்த க்ரைம்.

இதுல பெரிய கொடுமை, காலியான வீட்டுக்கு உடனே ஆள் வரலைன்னா ஒண்ணும் ஆகாது. பழைய டேட்டா அப்படியே இருக்கும், எல்லாம் ஒழுங்கா ஓடுற மாதிரியே தெரியும். புது ஆள் என்னிக்குக் குடி வர்றாரோ அன்னிக்குத்தான் வெடிக்கும். எங்க டிரைவர் சில சமயம் பத்து நிமிஷம், சில சமயம் இருபது நிமிஷம் ஓடினதோட ரகசியம் இதுதான்.

டீபக் கெர்னல் இதுக்கு ரெண்டு மூணு பொறி வச்சிருக்கு.

ஒண்ணு, விஷம் தடவுறது. சும்மா சொல்லலை, நிஜமாவே இதுக்குப் பேர் 'பாய்ஸனிங்'. லினக்ஸ்ல இந்த செக்கிங்கை ஆன் பண்ணினா, திருப்பிக் கொடுத்த மெமரி முழுக்க '6பி'ங்கிற ஒரே எண்ணை நிரப்பி வைக்கும். காலி வீட்டுச் சுவத்துல ஈர பெயின்ட் அடிக்கிற மாதிரி. அப்புறம் ஒரு க்ராஷ் ரிப்போர்ட்ல '6பி6பி6பி6பி'ன்னு வரிசையா பார்த்தீங்கன்னா, யாரோ ஈர பெயின்ட்ல கை வச்சுட்டான்னு அர்த்தம்.

ரெண்டாவது, கேசான். 2015-ல் வெளிவந்த லினக்ஸ் 4.0-ல சேர்ந்தது. ஒவ்வொரு 8 பைட் மெமரிக்கும் 1 பைட் கணக்கு நோட்டு தனியா வைக்கும். அதாவது மெமரியில எட்டுல ஒரு பங்கு கணக்கு எழுதவே போயிடும். மெமரியைத் தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் நோட்டைப் புரட்டிப் பார்க்கும். காலியான வீட்டை உடனே வாடகைக்கு விடாம கொஞ்ச நாள் பூட்டி வச்சு, பழைய சாவியோட யார் வர்றான்னு மறைஞ்சிருந்து பார்க்கும். மாட்டினா மூணு விஷயத்தை எழுதிக் கொடுக்கும்: இப்போ தொட்டது யார், இந்த மெமரியை முதல்ல வாங்கினது யார், திருப்பிக் கொடுத்தது யார்.

மூணாவது, லாக்டெப். இங்கோ மோல்நார் எழுதி, 2006-ல் லினக்ஸுக்குள்ள வந்தது. ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு பூட்டைப் பிடிச்சுக்கிட்டு, மத்தவனோட பூட்டுக்காகக் காலம் முழுக்கக் காத்திருக்கிற டெட்லாக் இருக்கே, அது நடந்த பிறகு சொல்றது பெரிய விஷயமில்லை. 'இதே வரிசையில பூட்டினா ஒருநாள் மாட்டிப்பீங்க'ன்னு, நடக்கிறதுக்கு முன்னாடியே ஜாதகம் கணிச்சுச் சொல்லும்!

மூணாவது பேர்

வர்ச்சுவல் மெஷின்ல டீபக் கெர்னலை ஏத்தினோம். கம்பைல் ஆக ஒரு ராத்திரி. கரன்ட் கட் ஒரு தடவை வந்து, பேட்டரி எட்டு சதவிகிதத்துல மூச்சுத் திணறினது தனிக்கதை. விடியக்காலை நண்பன் அசந்து தூங்கிட்டான். நான் டிரைவரை லோடு பண்ணினேன்.

இருபது நிமிஷம் ஆகலை. ஒரு நிமிஷம்கூட ஆகலை. ரிப்போர்ட் வந்து விழுந்தது.

தொட்டது யார்? நண்பனோட ஃபங்ஷன். சரி. மெமரி வாங்கினது? என் ஃபங்ஷன். அதுவும் சரி. திருப்பிக் கொடுத்தது? என் இன்னொரு ஃபங்ஷன். அங்கேதான் வயித்துக்குள்ள ஏதோ உருண்டுச்சு. கோடைத் திறந்து பார்த்தேன். மெமரியைத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த ரீடிங்கை லிஸ்ட்ல இருந்து எடுத்திருக்கணும். நான் எடுக்கலை. வீட்டை இடிச்சுட்டேன். ஆனா வாசல்ல நம்பர் போர்டு அப்படியே தொங்குது. அந்த நம்பரை நம்பி உள்ளே போய்க் குழியில விழுந்ததுதான் அவன் ஃபங்ஷன். ஒவ்வொரு தடவையும் கத்தியோட நின்னவன் அவன். குத்தினவன் நான்.

ஒரே ஒரு வரி விட்டுப்போச்சு, மக்களே. அந்த ஒரு வரிக்காக அவன் நாலு தடவை எழுதினான், 1,400 ரூபாய் கொடுத்தான், மூணு வாரம் திட்டு வாங்கினான்.

தூங்கிட்டிருந்தவனை எழுப்பிச் சொல்லியிருக்கணும். சொல்லலை. லேப்டாப்பை மூடிட்டேன். அன்னிக்கு முழுக்க 'இன்னும் கண்டுபிடிக்கலைடா'ன்னே சமாளிச்சேன். ராத்திரி தூக்கம் வரலை. இந்த க்ராஷ் சமாசாரத்தையே நோண்டி நோண்டிப் படிச்சிட்டிருந்தேன். அப்போ கிடைச்சதுதான் அடுத்த ரெண்டு கதைகளும்.

மயங்கினவனே ஆம்புலன்ஸ் ஓட்டலாமா?

ரீஸ்டார்ட் பண்றதுல என்ன தப்புன்னு கேட்கறீங்களா? கொலை நடந்த ரூமைத் தண்ணி ஊத்திக் கழுவி விடறது அது. க்ராஷ் ஆன நிமிஷம் மெமரியில என்ன இருந்ததுங்கிறதுதான் ஒரே சாட்சி. ரீஸ்டார்ட் பண்ணினா அந்த சாட்சி போச்சு.

அப்போ அந்த மெமரியை டிஸ்க்ல எழுதி வச்சுட்டா? நல்ல ஐடியா. ஆனா எழுதுறது யாரு? கெர்னல்தான் செத்துக் கிடக்கே! முன்னாடி லினக்ஸ்ல அப்படித்தான் முயற்சி பண்ணினாங்க. விழுந்த கெர்னலே கஷ்டப்பட்டு எழுந்து, தன் மெமரியை டிஸ்க்ல எழுதணும். மயக்கம் போட்டவனே ஆம்புலன்ஸை ஓட்டிட்டுப் போற கதை. போற வழியில நல்லா இருக்கிற ஃபைல்களையும் ஏத்திக் கொன்னுடற ஆபத்து உண்டு.

இதுக்கு வந்த தீர்வு கே-டம்ப். 2005 ஆகஸ்ட்ல வெளிவந்த லினக்ஸ் 2.6.13-ல சேர்ந்தது. ஓடிட்டிருக்கிற கெர்னல்ல இருந்து, பயாஸ் பக்கமே போகாம, நேரா இன்னொரு கெர்னலுக்குத் தாவுற கே-எக்ஸெக் ஐடியா எரிக் பீடர்மேனோடது. அதை வச்சு க்ராஷ் டம்ப் எடுக்கிற வேலையில பெரிய பங்கு யாரோடது தெரியுமா? பெங்களூர்ல இருந்த ஐபிஎம் லினக்ஸ் டெக்னாலஜி சென்டர் இன்ஜினீயர்களோடது. விவேக் கோயல், ஹரிப்பிரசாத் நெல்லிதீர்த்தா, மனீஷ் சோனி... பீடர்மேனும் விவேக்கும் ஹரியும் சேர்ந்து 2005-ல் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதினாங்க.

ஐடியா ரொம்ப சிம்பிள். கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதே மெமரியில ஒரு மூலையை வேலி போட்டு ஒதுக்கிடுவாங்க. அங்கே ரெண்டாவதா ஒரு குட்டி கெர்னல் படுத்திருக்கும். பெரிய கெர்னல் விழுந்தா, குட்டி கெர்னல் அந்த மூலையிலயே எழுந்திருக்கும். மத்த இடத்துல கால்கூட வைக்காது. செத்தவரோட மெமரியை அப்படியே ஒரு ஃபைலா டிஸ்க்ல சேமிக்கும். அதுக்கப்புறம்தான் ரீஸ்டார்ட். அப்புறம் 'க்ராஷ்'ங்கிற பேர்லயே இருக்கிற டூல்ல அந்த ஃபைலைத் திறந்து, நிதானமா போஸ்ட்மார்ட்டம் பண்ணலாம். எந்த புராசஸ் என்ன பண்ணிட்டிருந்தது, எந்தப் பூட்டு யார் கையில, எந்த வேரியபிள்ல என்ன இருந்தது, எல்லாம் அப்படியே கிடைக்கும்.

நம்பிக்கை வரலைன்னா லினக்ஸ் சோர்ஸ் கோடை இறக்கிப் பாருங்க. எக்ஸ்86 ஃபோல்டர்ல 'க்ராஷ்'னு ஒரு சி ஃபைல் இருக்கும். மேல ஹரி நெல்லிதீர்த்தா உருவாக்கினதுன்னு பேர் இருக்கும். ஓடுற கெர்னலை நிறுத்தாமலே நடுவுல எட்டிப் பார்க்க உதவற கே-புரோப்ஸ் ஃபைலோட தலையிலயும், 2002-ல் வம்சி கிருஷ்ணா உருவாக்கினார், 2004-ல் பிரசன்னா பஞ்சமுகி புதுப்பிச்சார்னு எழுதியிருக்கும். இவங்களும் ஐபிஎம் இந்தியா முகவரிக்காரங்கதான். உலகம் பூரா லினக்ஸ் சர்வர்கள் விழும்போது சாட்சி சொல்றது, இங்கே சாம்பார் சாதம் சாப்பிட்டுட்டு எழுதின கோடு!

சாட்சி இருந்தா என்ன லாபம்? நம்ம மீனம்பாக்கமே பார்த்த கதை இருக்கு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. க்ரவுட்ஸ்ட்ரைக் கம்பெனியோட ஒரு பாதுகாப்பு அப்டேட், நம்ம நேரம் காலை 9.39-க்குக் கிளம்புச்சு. உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி விழுந்ததா மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. சென்னை ஏர்போர்ட்லயும் விமானங்கள் லேட். நாட்டுல பல இடங்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. க்ராஷ் டம்ப்களைத் திறந்து பார்த்தப்போ, க்ரவுட்ஸ்ட்ரைக்கோட டிரைவர் தனக்கு உரிமையில்லாத மெமரியைப் படிக்கப் போய் விழுந்தது தெரிஞ்சது. ஏன் போச்சு? அப்டேட் ஃபைல் எதிர்பார்த்தது 21 தகவல்கள். கிடைச்சது 20. பந்தியில இருபது இலைதான் போட்டிருக்கு. இவர் இருபத்தோராவது இலையில சாம்பாரை ஊத்தப் போனார். இலை இல்லை, தரைதான் இருக்கு. அவ்ளோதான்!

மார்ஸ்ல மாட்டின அட்டெண்டர்

ரெண்டாவது கதைதான் என்னைப் புரட்டிப் போட்டது.

1997 ஜூலை 4. நாசாவோட பாத்ஃபைண்டர் செவ்வாய்ல இறங்குச்சு. சில நாள்ல அதோட கம்ப்யூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிச்சது. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அன்னிக்குச் செய்ய வேண்டிய மிச்ச வேலை மறுநாளைக்குத் தள்ளிப் போகும். அங்கே போய் ரேம் மாத்த முடியாது!

என்ன நடந்ததுன்னு நம்ம காலேஜ் பாஷையில சொல்றேன். பிரின்சிபால் அவசரமா செமினார் ஹாலுக்குள்ள போகணும். சாவி அட்டெண்டர்கிட்ட. அவர் கொடுக்க ரெடி. ஆனா நடுவுல ஹெச்.ஓ.டி. புகுந்து, 'இந்த ஜெராக்ஸை எடு, அந்த டீயை வாங்கு'ன்னு அவரை விரட்டிட்டே இருக்கார். ஹெச்.ஓ.டி.க்கு சாவி மேட்டரே தெரியாது. பிரின்சிபால் வாசல்ல நிக்கிறார். வாட்ச்மேன் வந்து பார்த்துட்டு, 'பிரின்சிபால் வேலையை முடிக்கலை, ஏதோ விபரீதம்'னு காலேஜுக்கே லீவு விட்டுடறார்!

பாத்ஃபைண்டர்ல பிரின்சிபால், டேட்டாவைக் கைமாத்தி விடுற முக்கியமான டாஸ்க். அட்டெண்டர், வானிலைத் தகவல் சேகரிக்கிற சின்ன டாஸ்க். ஹெச்.ஓ.டி., நடுத்தர முக்கியத்துவம் உள்ள மத்த டாஸ்க்குகள். முக்கியமான டாஸ்க் டைமுக்கு முடியலைன்னு பார்த்ததும் சிஸ்டம் தன்னைத்தானே ரீசெட் பண்ணிக்குச்சு. இதுக்குப் பேர் பிரியாரிட்டி இன்வெர்ஷன். இதுல தனியா யாரும் தப்பு பண்ணலை, கவனிச்சீங்களா? மாட்டினவர் பிரின்சிபால். தப்பு ஏற்பாட்டுல.

கண்டுபிடிச்சது எப்படி? அந்த விஎக்ஸ்வொர்க்ஸ் கெர்னல்ல, நடக்கிறதை எல்லாம் வரிசையா பதிவு பண்ற டீபக் வசதி இருந்தது. பூமியில ஒரு டூப்ளிகேட் பாத்ஃபைண்டரை அந்தப் பதிவோட மணிக்கணக்கா ஓட்டினாங்க. ஒரு கட்டத்துல அதே ரீசெட் வந்தது. பதிவைப் பின்னாடி புரட்டினா அட்டெண்டர், சாவி, ஹெச்.ஓ.டி. எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க! இன்னொரு விஷயம்: ஏவுறதுக்கு முன்னாடி நடந்த டெஸ்ட்லயே இந்தப் பிரச்னை தலை காட்டியிருந்தது. தேடிப் பிடிக்கப் பார்த்தப்போ திரும்ப வரலை. நம்ம பத்து நிமிஷ, இருபது நிமிஷ கதைதான்.

தீர்வு? பிரின்சிபாலுக்குத் தேவையான சாவி கையில இருக்கிற வரைக்கும், அட்டெண்டருக்கும் பிரின்சிபாலோட பவர். ஹெச்.ஓ.டி. கூப்பிட முடியாது. இதுக்குப் பேர் பிரியாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ். விஎக்ஸ்வொர்க்ஸ்ல அது ஏற்கெனவே இருந்தது, அந்தப் பூட்டுக்கு ஆஃப்ல இருந்தது. பூமியில இருந்து பேட்ச் அனுப்பி ஆன் பண்ணினாங்க. ரீசெட் நின்னுச்சு.

இப்போ க்ளைமாக்ஸ். இந்த வித்தையை அலசி 1990-ல் ஒரு கட்டுரை வெளியானது. எழுதினவங்க மூணு பேர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோக்ஸ்கி. நடுவுல இருக்கிற ராஜ்குமார், கோவை பி.எஸ்.ஜி. டெக்ல 1984-ல் இன்ஜினீயரிங் முடிச்சுட்டு, கார்னெகி மெலன் போனவர்! 1997 டிசம்பர்ல ஒரு ரியல் டைம் சிஸ்டம்ஸ் மாநாட்டுல, விண்ட் ரிவர் கம்பெனியின் டேவிட் வில்னர் மேடையில இந்தக் கதையைச் சொன்னப்போ, மூணு பேரும் அதே ஹாலில் உட்கார்ந்திருந்தாங்க. கூட்டம் அவங்களை எழுந்து நிக்கச் சொல்லி மரியாதை பண்ணினதா அங்கே இருந்தவர் எழுதியிருக்கார்.

வில்னர் அழுத்திச் சொன்ன ஒரு விஷயம், டீபக் வசதியை எடுக்காம உள்ளேயே விட்டு வச்சதுதான் காப்பாத்துச்சுங்கிறது. 'எல்லாம் நல்லா ஓடுது, இனிமே எதுக்கு?'ன்னு கழட்டியிருந்தா, இந்தத் துப்பு கிடைச்சிருக்காது.

நீங்களும் கைவைக்கலாம்

* முதல்ல ஒரு வர்ச்சுவல் மெஷின். க்யூஎமு ஃப்ரீதான். சொந்த லேப்டாப்ல நேரா கை வச்சு, அப்பாகிட்ட திட்டு வாங்கிட்டு என்னைத் தேடாதீங்க.

* ஃபெடோராவில் 'கெர்னல்-டீபக்'னு ரெடிமேடாவே கிடைக்கும். ஒரே கன்ஃப்யூஷன் வரும்: 'டீபக் இன்ஃபோ'ங்கிறது வேற. அது வெறும் பேர்ப்பட்டியல், க்ராஷ் ஃபைலைப் படிக்க உதவும். 'டீபக் கெர்னல்'தான் டிக்கெட் செக்கிங் பண்ணும்.

* கே-டம்ப்பை ஆன் பண்ணிட்டு, சிஸ்-ஆர்க்யூ டிரிக்கர் ஃபைல்ல 'சி'ங்கிற ஒரே எழுத்தை எழுதுங்க. கெர்னல் நீங்க சொன்னதைக் கேட்டுத் தற்கொலை பண்ணிக்கும். குட்டி கெர்னல் எழுந்திருக்கிறதைக் கண்ணால பார்க்கலாம்.

* ஒரு எச்சரிக்கை. டீபக் கெர்னல் மெதுவா ஓடுறதால, நேரத்தைச் சார்ந்த சில பிழைகள் ஒளிஞ்சுக்கும். அதுல வரலைன்னா பிழையே இல்லைன்னு அர்த்தமில்லை.

ரிவ்யூவுக்கு முந்தின நாள்

ஒரு நாள் முழுக்க மறைச்சேன்னு சொன்னேன்ல? மறுநாள் சாயங்காலம் கேம்ப் ரோடு டீக்கடையில வச்சு உடைச்சேன். ரிப்போர்ட்டை செல்போன்லயே காட்டினேன். தொட்டது, வாங்கினது, கொடுத்தது, மூணு பேரையும் நிதானமா படிச்சான்.

கத்துவான்னு நினைச்சேன். கத்தலை. "நாலு தடவை மாத்தி எழுதினேன்டா. நீ ஒரு தடவையாவது உன்னோடதைத் திறந்து பார்த்தியா?"ன்னு மட்டும் கேட்டான். பதில் இல்லை. டீ ஆறிப் போச்சு.

ரேம் காசுல பாதியை நீட்டினேன். "முழுசா கொடுறா"ன்னான். கொடுத்தேன். அப்புறம் அவனே சிரிச்சுட்டான். பழைய ரேம்ல ஒரு குறையும் இல்லை, ரெண்டையும் சேர்த்துப் போட்டிருந்தோம். அந்த எக்ஸ்ட்ரா ரேம் இருந்ததாலதான் கேசானோட வர்ச்சுவல் மெஷின் மூச்சு விட்டுச்சாம். "என் காசுலயே உன்னை நீ பிடிச்சிருக்கே!"

ரிவ்யூல மேடம், "யார் தப்பு?"ன்னு கேட்டாங்க. "என்னோடது மேடம்"னேன். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னாங்க. அதுக்கு அவன் பதில் சொன்னான். பத்து நிமிஷம் சொன்னான். நான் பக்கத்துல வாயை மூடிக்கிட்டு நின்னேன்.

அதனால மக்களே, அடுத்த தடவை உங்க டீம்ல ஏதாவது விழுந்தா, டாப்புல இருக்கிற பேரைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதாதீங்க. மூணாவது பேர் வரைக்கும் படிங்க. அது உங்க பேராகூட இருக்கலாம்.

அடுத்த வாரம் வேற ஒரு பல்போட வர்றேன். வர்ட்டா!